கிடைத்த தகவல் தொலையாமலிருக்க: பிள்ளைகளின் படிப்புக்குக் கூட்டுப் பக்கக்குறி



நம் வீடுகளில் இன்று தகவலுக்குப் பஞ்சமில்லை. உதவித்தொகை அறிவிப்பு, பத்தாம் வகுப்பு மாதிரி வினாத்தாள், நர்சிங் கல்லூரி சேர்க்கை, டி.என்.பி.எஸ்.சி. பாடக்குறிப்பு என்று நாளெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. வந்ததும் பார்க்கிறோம், "மாஷா அல்லாஹ், பயனுள்ள தகவல்" என்று போட்டுவிட்டு நாலு குரூப்புக்கு அனுப்புகிறோம். மூன்று மாதம் கழித்துப் பிள்ளைக்கு அது தேவைப்படும் நாளில் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தால் கிடைப்பதில்லை. கல்யாணப் பத்திரிகைக்கும் ஜனாஸா அறிவிப்புக்கும் இடையில் எங்கோ அமுங்கிப் போயிருக்கும். போனை மாற்றியிருந்தால் அதுவும் இல்லை. அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பலர் "அன்னைக்கு ஒரு லிங்க் அனுப்புனீங்களே, அதை மறுபடி அனுப்புங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

இதற்கு வழி ஒன்று உண்டு. இருபது வருடத்துக்கு மேலாக உலகத்தின் ஆராய்ச்சியாளர்களும் ஆசிரியர்களும் பயன்படுத்தி வரும் வழி. ஆங்கிலத்தில் சோஷியல் புக்மார்க்கிங் என்பார்கள். நாம் கூட்டுப் பக்கக்குறி என்று வைத்துக்கொள்வோம். இந்த இதழின் கல்விப் பாடமாக அதை எடுத்துக்கொள்கிறோம்.

குர்ஆன் ஓதி நிறுத்துகிற இடத்தில் நாடாவை எடுத்து வைக்கிறோம். மறுநாள் நேரே அந்தப் பக்கம் திறக்கும். அதுதான் பக்கக்குறி. கம்ப்யூட்டரிலும் போனிலும் நல்ல ஒரு பக்கத்தைக் கண்டால் நட்சத்திரக் குறியைத் தொட்டுச் சேமிக்கிறோமே, அதுவும் அதே நாடாதான். ஆனால் அது அந்த ஒரு போனுக்கு, அந்த ஒரு ஆளுக்கு மட்டும். கூட்டுப் பக்கக்குறியில் நாடாவைப் பொது இடத்தில் வைக்கிறோம், அத்துடன் அது எதைப் பற்றியது என்று இரண்டு மூன்று சொற்களும் எழுதி வைக்கிறோம். இந்தச் சொற்களுக்குக் குறிச்சொல் என்று பெயர். வேறொருவர் அதே சொல்லைத் தேடும்போது நாம் வைத்த நாடா அவருக்கும் கிடைக்கும்.

2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோஷுவா ஷாக்டர் என்பவர் டெலிஷியஸ் என்ற பெயரில் இப்படி ஒரு தளத்தைத் தொடங்கினார். தனக்குப் பிடித்த பக்கங்களின் முகவரிகளை அவர் நெடுநாளாகச் சேர்த்து வந்திருந்தார். அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்த தளம் அது. 2005இல் யாஹூ அதை விலைக்கு வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. 2004இல் ரிச்சர்ட் கேமரூன் என்பவர் ஆய்வுக் கட்டுரைகளுக்கென்றே சைட்யூலைக் என்ற தளத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு நேச்சர் அறிவியல் இதழை வெளியிடும் நிறுவனம் கொனோட்டியா என்ற தளத்தைக் கொண்டுவந்தது.

ஆய்வு செய்பவர்களுக்கு இதில் என்ன லாபம்? சர்க்கரை நோய்க்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பைப் படிக்கும் ஒரு மாணவி ஒரு கட்டுரையைச் சேமிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதே கட்டுரையை இன்னும் பன்னிரண்டு பேர் சேமித்திருப்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பன்னிரண்டு பேர் வேறு எதையெல்லாம் சேமித்திருக்கிறார்கள் என்றும் பார்க்கலாம். தேடுபொறியில் எத்தனை நாள் தேடினாலும் கண்ணில் படாத கட்டுரை, அதே துறையில் உழைக்கும் முகம் தெரியாத ஒருவர் வைத்த குறியால் கைக்கு வந்து சேரும். கூகுள் காட்டுவது இயந்திரம் வரிசைப்படுத்தியதை. இங்கே கிடைப்பது, ஒரு மனிதர் படித்துப் பார்த்து, வைத்துக்கொள்ளத் தகுந்தது என்று எடுத்து வைத்தது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

ஆளாளுக்கு இஷ்டம்போலச் சொல் எழுதினால் குழப்பம் வராதா என்று கேட்கலாம். ஹெச்.பி. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கோல்டர், ஹூபர்மேன் என்ற இருவர் டெலிஷியஸ் தளத்தை வைத்தே இதை ஆராய்ந்தார்கள். ஒரு பக்கத்தை ஏறக்குறைய நூறு பேர் சேமித்த பிறகு, எந்தச் சொல் எவ்வளவு பங்கு பயன்படுகிறது என்பது பெரிதாக மாறாமல் நிலைத்துவிடுகிறது என்று கண்டார்கள். யாரும் உத்தரவு போடாமலே ஒரு பொதுவழக்கு உருவாகிவிடுகிறது. ஆனால் அது நூறு பேர் கூடுகிற இடத்தில் நடப்பது. நம் ஊரில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து செய்யும்போது அது தானாக நடக்காது. சொற்களை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது: 'படிக்க வேண்டும்' என்பது போன்ற, சேமித்தவருக்கு மட்டுமே பொருள்படும் குறிச்சொற்களும் நிறைய இருந்தன. நம் பட்டியலில் அவற்றுக்கு இடம் வேண்டாம். 'முக்கியம்' என்ற சொல்லையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். வாட்ஸ்அப்பில் எல்லாமே முக்கியம்தான்.

இந்த யோசனை முழுக்க வெளிநாட்டிலிருந்து வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். ஒரு புத்தகத்தை ஒரே ஒரு தலைப்பின் கீழ் அடைத்துவிட முடியாது என்பதை அவர் கண்டார். 'தமிழ்நாட்டில் நெல் பயிருக்கு வரும் நோய்' என்ற புத்தகம் நெல்லைத் தேடுபவருக்கும் வேண்டும், நோயைத் தேடுபவருக்கும் வேண்டும், தமிழ்நாட்டைப் பற்றித் தேடுபவருக்கும் வேண்டும். ஆகவே ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, அந்த முகங்களைச் சேர்த்துக் குறியெண் அமைக்கும் முறையை உண்டாக்கினார். 1933இல் வெளிவந்த அந்தக் கோலன் பகுப்பு முறையை நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு குறிச்சொல் போடுவதும் இதே எண்ணத்தின் எளிய வடிவம்தான். 1931இல் அவர் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றியது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தின வாரத்தில் வினாத்தாளைத் தேடி அலையும் பிள்ளையின் நேரமும் அதில் அடங்கும்.

இனி நம் ஊரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பள்ளியில் 'எங்கள் ஊர்' என்று செயல்திட்டம் கொடுக்கிறார்கள். பிள்ளை போனை எடுத்துத் தொப்பூர் என்று ஆங்கிலத்தில் தட்டினால் என்ன வருகிறது? மதுரைக்குப் பக்கத்தில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்களே, அந்தத் தோப்பூர் வரும். தமிழில் அது நெடில், நம்முடையது குறில். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறார்கள். அடுத்ததாக ஒரு போர் வரும். விஜயநகர அரசுரிமைக்காக 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த அந்தப் பெரும்போர் கல்லணைப் பக்கத்தில் உள்ள தோப்பூரில் நடந்தது. அதை எடுத்து 'எங்கள் ஊரில் நடந்த போர்' என்று நம் பிள்ளை எழுதினால் முழுக்கத் தவறாகிவிடும். இவற்றுக்கு நடுவே நம் கணவாய்ச் சாலை விபத்துச் செய்திகளும் கலந்து வரும்.

இங்கேதான் குறிச்சொல் வேலை செய்கிறது. கண்டெடுத்த பக்கத்துக்கு 'தொப்பூர்-தருமபுரி' என்று ஒரு குறி, 'சாலை', 'வரலாறு', 'நீர்நிலை' என்று பொருளுக்கு ஒரு குறி. அடுத்த ஆண்டு இதே செயல்திட்டம் செய்யும் பிள்ளைக்கு எய்ம்ஸும் கல்லணையும் குறுக்கே வராது.

ஆழமாகப் போனால் இன்னும் சுவையாக இருக்கிறது. தருமபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2ஆம் தேதி. அதற்கு முன்பு நாம் சேலம் மாவட்டம். ஆகவே நம் பகுதியின் பழைய செய்தி எதுவும் தருமபுரி மாவட்டம் என்று தேடினால் அகப்படாது. எஃப்.ஜே.ரிச்சர்ட்ஸ் எழுதி 1918இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெஜட்டியரில்தான் பார்க்க வேண்டும். சாலையும் அப்படித்தான். இன்று ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44 என்கிறோம். 2010இல் எண்களை மாற்றி அமைப்பதற்கு முன்பு நம் வழியாகப் போனது நெடுஞ்சாலை 7. கணவாயில் நடந்த விபத்துகளைப் பற்றி ஒரு கல்லூரி மாணவர் ஆய்வு செய்தால், 44 என்று மட்டும் தேடினால் பாதி ஆவணம் தப்பிவிடும். இரண்டு எண்ணையும் குறிச்சொல்லாகப் போட்டு வைத்தால் பின்னால் வருபவருக்கு அந்தச் சிரமம் இல்லை. இதையெல்லாம் யோசித்துச் சொல் போடும்போதே பிள்ளை பாடத்தின் பாதியைக் கற்றுக்கொள்கிறது. இந்த முறையின் பெரிய பலன் சேமிப்பதில் இருப்பதாக நாம் நினைக்கவில்லை. 'இது எதைப் பற்றியது? நாளைக்கு இதை யார், எந்தச் சொல்லால் தேடுவார்?' என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறார்களே, அதில்தான் இருக்கிறது.

தமிழில் செய்யும்போது ஒரு தொல்லை கூடுதல். ஒருவர் 'உதவித்தொகை' என்று எழுதுவார், இன்னொருவர் 'ஸ்காலர்ஷிப்' என்பார், மூன்றாமவர் 'கல்வி உதவி' என்பார். மார்க்கப் பாடங்களில் இன்னும் அதிகம்: ஹதீஸ், ஹதீது, நபிமொழி; தொழுகை, ஸலாத். முஸ்லிம் என்ற சொல்லையே குறிலாகவும் நெடிலாகவும் எழுதுகிறோம். கம்ப்யூட்டருக்கு இவை எல்லாம் வேறு வேறு சொற்கள். எனவே ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லைத் தேர்ந்து, அந்தச் சொற்பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும். எது சரியான தமிழ் என்று விவாதம் செய்து நாளைக் கழிக்க வேண்டாம். எல்லோரும் ஒன்றையே எழுதினால் போதும்.

அடுத்தது தேதி. தேதி இல்லாத தகவல் எப்படிக் குடும்பங்களை அலைக்கழிக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். சிறுபான்மை மாணவர்களுக்கான மத்திய அரசின் ப்ரீ மெட்ரிக் உதவித்தொகை முன்பு ஒன்றாம் வகுப்பிலிருந்தே இருந்தது. 2022-23 கல்வியாண்டிலிருந்து அதை 9, 10ஆம் வகுப்புகளுக்கு மட்டும் என்று குறுக்கிவிட்டார்கள். ஆய்வுப் படிப்புக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையும் அதே ஆண்டு முதல் நிறுத்தப்பட்டது. ஆனால் 'ஒன்றாம் வகுப்பு முதல் விண்ணப்பிக்கலாம்' என்ற பழைய செய்தி இன்னும் குரூப்புகளில் சுற்றுகிறது. அதை நம்பி மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வருமானச் சான்றிதழ் வாங்கத் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்து, ஒருநாள் கூலியை இழந்த தாய்மார்கள் உண்டு. சேமித்த தேதியும், சரிபார்த்த தேதியும், மூலம் எது என்ற குறிப்பும் இருந்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

அதே நேரத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதக்கூடிய தேசிய வருவாய்வழித் தேர்வு நம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரியாமலே போகிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிப்பவர்கள் எழுதலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வு பெற்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட ஒன்றுக்கு மாதிரி வினாத்தாள், விண்ணப்பத் தேதி, பயிற்சி வீடியோ எல்லாம் ஒரே குறிச்சொல்லின் கீழ் இருந்தால், ஏழாம் வகுப்பு முடிக்கும்போதே பிள்ளை தயாராகலாம்.

ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும். நம் சகோதரிகளில் டியூஷன் எடுப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். மாலை மக்தபில் பாடம் நடத்தும் உஸ்தாதுகளும் இந்த இதழைப் படிக்கிறார்கள். 2018இல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் க்யூ.ஆர். குறியீடு அச்சிட்டார்கள். அதை போனில் காட்டினால் தீக்ஷா தளத்தில் அந்தப் பாடத்தின் வீடியோ திறக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது மேலிருந்து கொடுக்கப்பட்டது, எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றே. ஒளிவிலகல் பாடம் இந்த வீடியோவில் புரியாத பிள்ளைக்கு வேறொன்று புரியலாம். எது புரிந்தது என்று பிள்ளைகளே குறித்து வைக்கட்டும். 'முதல் நாலு நிமிஷம் விட்டுடலாம், அதுக்கப்புறம் படம் போட்டுச் சொல்றாங்க' என்று ஒரு பிள்ளை எழுதிவைக்கும் ஒரு வரி அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு உதவும்! டியூஷன் ஆசிரியை வாரம் ஒரு பாடத்துக்கு இரண்டு சுட்டிகள் தேடி, ஏன் தேர்ந்தேன் என்று ஒரு வரியும் எழுதச் சொன்னால் அதுவே வீட்டுப்பாடம். அந்த ஒரு வரியைப் பார்த்தாலே பிள்ளை படித்ததா, படிக்காமல் ஒட்டியதா என்று தெரிந்துவிடும். 2006இல் தொடங்கிய டீகோ என்ற தளம் வகுப்பறைக்கென்றே இப்படி வசதி செய்தது. பக்கத்தின் வரிகளின் மேலேயே கோடிட்டுக் குறிப்பு ஒட்டலாம், குழுவில் மற்றவர்கள் அதைப் பார்க்கலாம்.

எதில் செய்வது? நம் குடும்பங்களுக்கு இப்போதைக்குக் கூகுள் ஷீட் போதும் என்பது எங்கள் கருத்து. போனில் திறக்கிறது, தமிழ் ஏற்கிறது, புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. ஆறு கட்டங்கள்: தலைப்பு, சுட்டி, குறிச்சொற்கள், எதற்குப் பயன் என்று ஒரு வரி, சேமித்த தேதி, சரிபார்த்த தேதி. பார்ப்பதற்கு எல்லோருக்கும் அனுமதி, எழுதுவதற்கு ஒரு சிலருக்கு மட்டும். எழுதும் அனுமதியை எல்லோருக்கும் திறந்துவிட்டால் யாராவது விரல் பட்டு முழுப் பட்டியலையும் அழித்துவிடுவார்கள். கல்லூரியில் முதுகலை, முனைவர் படிப்பு படிப்பவர்களுக்கு ஜொட்டேரோவைப் பரிந்துரைக்கிறோம். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள். கட்டுரைகளைக் குறிச்சொல்லோடு சேமிக்கலாம், குழுவாகப் பகிரலாம், ஆய்வேட்டின் கடைசியில் வரும் நூற்பட்டியலைத் தானே அமைத்துத் தரும். நூற்பட்டியல் தட்டச்சுக்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பொதுப் பட்டியலில் சுட்டிகள் மட்டும் இருக்கட்டும். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகத்தின் படம், மதிப்பெண் பட்டியல், பெண் பிள்ளைகளின் பெயர், போன் நம்பர் எதுவும் அதில் ஏறக் கூடாது. 'இந்தப் பிள்ளைக்கு உதவி தேவை' என்று பெயரோடு எழுதுவதும் கூடாது. ஒரு குடும்பத்தின் கஷ்டம் ஊர் பார்க்கும் பட்டியலில் தொங்கக் கூடாது.

இன்னொன்று. இந்தத் தளங்கள் நிலையானவை அல்ல. மேலே சொன்ன டெலிஷியஸ் கை மாறிக் கை மாறி 2017இல் புதிய சேமிப்பை நிறுத்தியது. கொனோட்டியா 2013இல் மூடப்பட்டது, சைட்யூலைக் 2019இல். பலரும் பயன்படுத்திய பாக்கெட் என்ற செயலியை மொஸில்லா நிறுவனம் 2025 ஜூலையில் நிறுத்திவிட்டது. சேமித்ததைப் பிரதி எடுத்து வைத்தவர்கள் பிழைத்தார்கள். எந்தத் தளமானாலும் மாதம் ஒருமுறை முழுப் பட்டியலையும் இறக்கி ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டியல் நிலைத்தாலும் அது காட்டும் பக்கம் நிலைக்காது. 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் காணாமல் போய்விட்டன என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டுச் சொன்னது. அரசுத் தளங்களை மாற்றி அமைக்கும்போது பழைய அறிவிப்புகள் திறக்காமல் போவதை நாமே பார்க்கிறோம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு வேபேக் மெஷின் என்ற பெயரில் பழைய பக்கங்களைப் பாதுகாத்து வருகிறது. முக்கியமான அறிவிப்பின் முகவரியை அங்கே கொடுத்து இன்றைய நிலையைப் பிரதி எடுக்கச் சொல்லலாம், காசு கிடையாது. அந்தப் பிரதியின் முகவரியையும் பட்டியலில் சேர்த்துவிட்டால், மூலப் பக்கம் மறைந்தாலும் 'இந்தத் தேதியில் அரசு இப்படித்தான் அறிவித்தது' என்று காட்டக் கையில் ஆதாரம் இருக்கும். உதவித்தொகை மறுக்கப்பட்டு மேல்முறையீடு செய்யும்போது இது பயன்படும்.

அறக்கட்டளையின் சார்பில் இந்த மாதம் பட்டியலைத் தொடங்குகிறோம். முதலில் மூன்று குறிச்சொற்கள் மட்டும்: 'எட்டாம் வகுப்பு வருவாய்வழித் தேர்வு', 'பத்தாம் வகுப்பு வினாத்தாள்', 'பன்னிரண்டுக்குப் பின்'. ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இரண்டு பேர் பொறுப்பு. அவர்கள் திறந்து பார்த்து, மூலத்தைச் சரிபார்த்த பிறகே சுட்டி பட்டியலில் ஏறும். உங்களுக்கு வரும் நல்ல தகவலை அவர்களுக்கு அனுப்புங்கள், கூடவே யாருக்கு எப்படிப் பயன்படும் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வராதவர்கள் குரல் பதிவாகச் சொன்னாலும் போதும், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். போன் இல்லாத வீடுகளுக்காகப் பட்டியலின் அச்சுப் பிரதி மாதம் ஒருமுறை அலுவலகச் சுவரில் ஒட்டப்படும். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்து அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.